விமானத்துக்கு ஏற்ற பாட்டு

பழைய பாட்டில் இரண்டாவது கிட்டார் நுழைகிற இடம் வந்ததும் ஒகும்பே எழுந்து நின்றுவிடுவார். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, யாருடைய கைபேசிக்கோ திரை மாற்றிக்கொண்டிருந்தாலும் சரி. முழுதாக நிற்பதும் இல்லை. முட்டி மடங்கியபடி முக்கால்வாசி நிற்பார். சோளமாவுக் களியான உகாலி உருண்டை கையில் அப்படியே இருக்கும். நாலைந்து நொடிக்குப் பிறகு எதுவும் நடக்காததுபோல் உட்கார்ந்துகொள்வார். கேட்டால், நான் எங்கே எழுந்தேன் என்பார். அவருடைய அக்கா மகள் அவினோ பன்னிரண்டு வயதிலிருந்து இதைப் பார்த்து வருகிறாள். இப்போது அவளுக்கு இருபத்து நான்கு. அவர் எழுந்திருக்காத ஒரு தடவையைக்கூட அவள் பார்த்ததில்லை.

கென்யாவின் கிசுமு நகரத்தில் கொண்டேலே ரவுண்டானாவுக்குப் பக்கத்தில், தகரச் சுவர் வைத்த நீளமான ஒற்றை அறைதான் கடை. முன்பாதியில் கம்பி வலைக்குப் பின்னால் அவினோ உட்கார்ந்து, கைபேசி வழியாகப் பணம் அனுப்புகிறவர்களுக்கும் எடுக்கிறவர்களுக்கும் வேலை செய்து கொடுப்பாள். பின்பாதியில் ஒகும்பே கைபேசி ரிப்பேர் செய்வார். மணிக்குப் பத்து ஷில்லிங் வாங்கிக்கொண்டு இணையம் கொடுப்பார். இரண்டு பெஞ்சு, ஒரு மடிக்கணினி, ஆள் உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர். கொண்டேலேயில் தேவாலயங்கள் முப்பதுக்குக் குறையாது. ஆனால் திங்கள் முதல் சனிவரை மனமுருகிப் பிரார்த்தனை நடந்தது இந்தப் பின்பாதியில்தான். பத்து ஷில்லிங் கொடுத்து உட்காருகிற எல்லோரும் கைபேசியில் பந்தயம் கட்டுகிறவர்கள்.

அவர்கள் இங்கே வந்ததற்குக் காரணம் இணையம் அல்ல. எதிர்க்கடையில் அதே இணையம் எட்டு ஷில்லிங்குக்குக் கிடைத்தது, நாற்காலியும் மெத்தை வைத்தது. ஆனால் அங்கே பாட்டு புதுப்பாட்டு. புதுப்பாட்டுக்கு விளையாடித் தோற்றவர்கள் ஒவ்வொருவராக இங்கே வந்து சேர்ந்தார்கள். ஒகும்பேயிடம் நாலாயிரம் பழைய பாட்டு இருந்தது. எங்கள் ஏரிக்கரையின் பெங்கா, காங்கோவிலிருந்து வந்த ரும்பா, பெயர்கூடத் தெரியாத பள்ளிக்கூட இசைக்குழுக்கள். அதைவிட முக்கியம், எந்தப் பந்தயத்துக்கு எந்தப் பாட்டு என்பது அவருக்குத் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். அவரும் நம்பினார்.

கால்பந்துக்கு நீளமான ரும்பா. காத்திருக்க வேண்டிய விளையாட்டு ஆயிற்றே. கணினியே நாயையும் குதிரையையும் ஓடவிடுகிற பந்தயத்துக்குப் பள்ளிக்கூட இசைக்குழுவின் துள்ளல் போதும், அதற்கு மேல் அந்த நாய்களுக்குத் தகுதி இல்லை என்பார். மனைவி ஓடிப்போன பாட்டு எதற்கும் ஆகாது. பெங்காவில் இன்னொரு தொல்லை, நல்ல பாட்டில் பாதி யாராவது செத்ததற்குப் பாடியது. ஆடுவதற்குத் தோதான இரங்கல்தான், ஆனாலும் இரங்கல். ஏரியில் மூழ்கியவனைப் பற்றிய பாட்டு ஓடும்போது விமானத்தில் பணம் வைக்க யாருக்கும் கை வராது.

விமானம்தான் அங்கே பெரிய தெய்வம். திரையில் ஒரு சின்ன விமானம் மேலே ஏறும். அது ஏற ஏற ஓர் எண் கூடிக்கொண்டே போகும். இரண்டு என்றால் வைத்த பணம் இரண்டு மடங்கு, ஐந்து என்றால் ஐந்து மடங்கு. அது பறந்து மறைவதற்குள் பொத்தானை அழுத்தினால் பணம் உங்களுக்கு. ஒரு நொடி பிந்தினால் எல்லாம் போச்சு. இதற்கு ஒகும்பே வைக்கிற பாட்டுகள் தனி. பழைய இசைத்தட்டில் ஒரே பாட்டை இரண்டாக வெட்டி, முன்பக்கத்தில் பாதி, பின்பக்கத்தில் மீதி என்று போட்டிருப்பார்கள். ஒகும்பே இரண்டையும் கணினியில் ஒட்டவைத்திருந்தார். ஒட்டிய இடத்தில் கர் என்று ஒரு கீறல் கேட்கும், அதற்குப் பிறகுதான் இரண்டாவது கிட்டார் வரும். அனுபவஸ்தர்கள் கீறல் கேட்டதும் அழுத்துவார்கள்.

பெஞ்சின் நிரந்தர ஆளான ஒமூகா வாத்தியார் ஒருநாள் கீறலுக்குக் காத்திருந்து சைக்கிளைத் தோற்றார். சைக்கிளை விற்ற பணத்தைத்தான் வைத்திருந்தார். பின்பக்கத்தை முதலில் போட்டுவிட்டீர்கள் என்று ஒகும்பேயோடு மூன்று வாரம் பேசவில்லை. ஆனால் தினமும் வந்து பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்து விளையாடினார். ஒகும்பே மட்டும் ஒரு ஷில்லிங்கூட வைத்ததில்லை. இரண்டு வேலையும் பார்த்தால் பாட்டு கெட்டுப்போகும் என்பது அவர் கொள்கை.

அவினோ பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்தவள். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். படிப்பு முடிந்து வந்த முதல் மாதம், அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். விமானத்துக்குக் காது கிடையாது, நூறு தடவை விளையாடினால் கம்பெனிதான் ஜெயிக்கும் என்று. வெளியே மீன் பொரித்து விற்கிற அகேயோ, கையை இடுப்புத்துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து பொறுமையாகக் கேட்டாள். தினம் ஐந்து ஷில்லிங்குக்கு மேல் வைக்காதவள் அவள்.

"வேலைக்கு எத்தன மனு போட்டிருக்க?"

"நூத்தி நாப்பது."

"எத்தன விழுந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"நான் போன வாரம் மட்டும் ரெண்டு ஜெயிச்சேன்" என்றாள் அகேயோ. அட்டையை வாங்கிக்கொண்டு போய் அடுப்பு விசிறினாள்.

அன்று முழுக்க அவினோவுக்குக் கோபம். பிறகு கோபம் யார்மேல் என்ற சந்தேகம் வந்தது. அவள் கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கைத் தன் மனுக்களுக்கு அவள் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. நூற்றி நாற்பத்தொன்றாவது மனுவை அனுப்பும்போது மாமா வைத்திருந்த பாட்டு எதுவென்று கவனித்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

கடையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. எங்கள் பக்கம் யாழ் வாசித்தாலும் பெங்கா வாசித்தாலும், காசு கொடுத்துப் பாட்டை நிறுத்தித் தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளலாம். நான் இன்னார் மகன், இன்ன ஊர்க் காளை, இன்னாருடைய நண்பன் என்று அடுக்கலாம். முடித்ததும் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒகும்பே இதை அப்படியே கடைக்குக் கொண்டுவந்திருந்தார். ஜெயித்தவர் கையைத் தூக்குவார், ஒகும்பே பாட்டை நிறுத்துவார். கை கீழே இறங்கும்வரை யாரும் பேசக்கூடாது, நகரக்கூடாது, தும்மல் வந்தாலும் விழுங்கிக்கொள்ள வேண்டும். புகழ்ச்சியில் யார் யார் பெயரை இழுக்கிறாரோ அவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சோடா வாங்கித் தர வேண்டும். அதனால் கஞ்சர்களின் புகழ்ச்சி சுருக்கமாக இருக்கும்.

ஒருதடவை ஒமூகா வாத்தியாரின் விமானம் பறந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போய்ப் பாட்டு பாதியில் நின்றது. விமானம் நிற்காமல் பதினெட்டுவரை போனது. அன்றிலிருந்து கடையின் நம்பிக்கை இது: விமானம் தாளத்தைக் கேட்டுத்தான் பறந்து மறைகிறது, பாட்டு நின்றால் அதற்கு மறைய வழி தெரியாது, ஏறிக்கொண்டே இருக்கும். பிறகு பாட்டை நிறுத்தி நிறுத்தி ஏன் விளையாடவில்லை என்று அவினோ கேட்டாள். வேண்டுமென்றே நிறுத்தினால் அதற்குத் தெரிந்துவிடும் என்றார்கள். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைப் படித்த பெண் கேட்கிறாளே என்று வருத்தப்பட்டார்கள்.

ஒகும்பேக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. இரண்டு பெண்கள் வெவ்வேறு வருஷங்களில் வந்து பார்த்து, சொந்த ஊரான உயோமாவில் அப்பாவின் வீட்டு வளாகத்தில் அவருக்கென்று வீடு இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டார்கள். வீடு கட்ட அவர் பணம் சேர்க்காமல் இல்லை. கூரைத் தகடுக்குச் சேர்த்தது ஒருமுறை ஸ்பீக்கர் ஆனது. கதவுக்குச் சேர்த்தது, நகூருவில் செத்துப்போன ஒருவருடைய எழுநூறு இசைத்தட்டு ஆனது. அவர் பாட்டுக்கு இருந்திருக்கலாம். ஆனால் அண்ணன் வீடு கட்டாமல் தம்பி கட்டக்கூடாது. தம்பி அபுயா ஒன்பது வருஷமாகப் பெண்டாட்டி பிள்ளைகளோடு அம்மாவின் சமையல் குடிசையில் புகைந்துகொண்டிருந்தான்.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை அபுயா கடைக்கு வந்தான். பெஞ்சில் உட்காரவில்லை. பெரியவர்கள் கூடி முடிவு செய்துவிட்டார்கள் என்றான். மழை இறங்குவதற்குள், அதாவது இந்தச் சனிக்கிழமை, ஒகும்பேயின் பெயரில் அவர்களே ஒரு வீடு எழுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு அபுயா தன்னுடையதைக் கட்டலாம்.

கடையில் எல்லோருக்கும் அது எந்த வீடு என்று தெரியும். வீடு கட்டாமலே செத்துப்போகிறவனை அப்படியே புதைக்க முடியாது. பிணம் வருவதற்குள் நாலு கம்பம், எட்டுத் தகடு, ஒரு கதவு வைத்து ஒரு மத்தியானத்தில் வீடு என்று ஒன்றை நிறுத்துவார்கள். அந்த வீட்டை உயிரோடு இருக்கிறவனுக்குக் கட்டப்போகிறார்கள்.

"நான் இன்னும் சாகல அபுயா" என்றார் ஒகும்பே.

"தெரியும்ணே. அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

வெள்ளிக்கிழமைக்குள் முப்பது தகடு வாங்கி லாரியில் ஏற்றிவிட்டால் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்று ஒகும்பே கணக்குப் போட்டார். சுவர் மண்சுவர்தானே, தானே எழுப்பிக்கொள்ளலாம். முப்பது தகடுக்கு முப்பதாயிரம் ஷில்லிங். ஒகும்பேயிடம் இருந்தது ஆறாயிரம். வியாழக்கிழமை மத்தியானம் அந்த ஆறாயிரத்தையும் அவினோவின் கம்பி வலைக்குள் நீட்டி, என் கைபேசியில் ஏற்று என்றார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஆறை ஐந்தால் பெருக்க அவளுக்கும் தெரியும். ஸ்பீக்கரை விற்றுவிடலாமே மாமா என்றாள். யார் வாங்குவார்கள் என்று அவர் கேட்டார். எதிர்க்கடைக்காரர் வாங்குவார் என்றாள். அவள் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதுபோல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் அவர் எடுத்தது உயோமா ஆள் ஒருவர் பாடியது. ஒரு படகைப் பற்றிய பாட்டு, யாரும் மூழ்காத படகு. பெஞ்சுகளில் பத்துப் பேர். அகேயோ மீனை அடுப்பில் விட்டுவிட்டு வாசலில் நின்றாள். ஒகும்பே கைபேசியை அவினோவின் கையில் கொடுத்தார்.

"பாட்ட நான் பாத்துக்கறேன். அஞ்சு வந்ததும் அழுத்திடு."

ஆறாயிரமும் ஒரே தடவையில் வைத்தாகிவிட்டது. விமானம் கிளம்பியது. ஒன்றரை. இரண்டு. பாட்டில் முதல் பாதி முடிகிற நேரம். மூன்று. நாலு. கர் என்று கீறல். இரண்டாவது கிட்டார் உள்ளே வந்தது, ஒகும்பே எழுந்து நின்றார். இந்தத் தடவை முழுதாக நின்றார். நின்றதோடு அவர் வலது கை தன்பாட்டில் மேலே போனது.

விமானம் பறக்கும்போதே கை தூக்கியவர் அதுவரை கடையில் யாரும் இல்லை. ஆனால் வழக்கம் வழக்கம்தான். மடிக்கணினிக்குப் பக்கத்தில் இருந்த ஒமூகா வாத்தியார் பாட்டை நிறுத்தினார். கடை உறைந்தது. திரையில் ஐந்து.

"நான் உயோமாவோட ஒகும்பே" என்று அவர் ஆரம்பித்தார். நடுக்கம் இல்லாத குரல். "ஏரிக்கு முதுகு காட்டாத ஆளு. நாலாயிரம் பாட்டுக்குச் சொந்தக்காரன். அகேயோவோட மீனைக் கடன் சொல்லாம தின்னவன். ஒமூகா வாத்தியாரோட சைக்கிள் போனாலும் அதோட மணிய வாங்கி வச்சிருக்கவன்..."

ஏழு. வாத்தியாரின் வாய் திறந்து மூடிக்கொண்டது. அகேயோ இடுப்புத்துணியின் நுனியைக் கடித்தாள். எல்லோர் கண்ணும் அவினோவின் கட்டைவிரல்மேல். ஒருவரும் அசையவில்லை. ஒரு மனிதன் தன்னைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போது குறுக்கே விழ அங்கே எவருக்கும் மனம் வராது, வீடு பற்றி எரிந்தாலும். ஒகும்பே பெஞ்சில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி இழுத்தார். தம்பி அபுயாவையும் இழுத்தார், தம்பியின் புகைக்கு முடிவு கட்டியவன் என்று. ஒன்பது. பன்னிரண்டு. முப்பது தகடு கூரைக்குக் கீழே மழைச் சத்தம் கேட்கப்போகிறவன் என்றார். பதினைந்து. பத்தொன்பது. இருபத்தொன்று.

கை பாதி இறங்கிவிட்டது. அவினோ விரலைப் பொத்தானுக்கு மேலே கொண்டுவந்தாள். அப்போது அவர் அவளைப் பார்த்தார். கை மறுபடி மேலே போனது.

"எங்க அக்கா மக அவினோவோட மாமன் நான். எங்க வம்சத்துல முதல்ல பட்டம் வாங்கின புள்ள. எண்ணு தெரிஞ்சவ. அவ கையில என் வீட்டக் குடுத்துட்டு..."

விமானம் பறந்து போனது.

"...பயமில்லாம நிக்கிறவன்" என்று முடித்து, ஒகும்பே கையை இறக்கினார். "அழுத்து."

அவினோ திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு போய், நின்ற பாட்டைத் தானே ஓடவிட்டார். பாட்டு விட்ட இடத்திலிருந்து உற்சாகமாகத் தொடர்ந்தது.

முதலில் பேசியது அகேயோ. "நல்லாச் சொன்னீங்க" என்றாள். கிண்டல் இல்லை. அந்தக் கடையில் சொல்லப்பட்டதிலேயே நல்ல புகழ்ச்சி அதுதான் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஒமூகா வாத்தியாருக்கு மட்டும் ஒரு குறை. வம்சத்தை இன்னும் இரண்டு தலைமுறை மேலே கொண்டுபோயிருக்கலாம் என்றார். வெளியே மீன் கருகிப்போயிருந்தது. அகேயோ அதைப் பாதி விலைக்குக் கொடுத்தாள், எல்லோரும் தின்றார்கள்.

மறுநாள் காலை கடை திறந்ததும் அவினோ அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, நான் அஞ்சுலயே அழுத்தியிருந்தா உங்களுக்கு வீடு கிடைச்சிருக்கும்."

"நான் பேசிக்கிட்டிருக்கும்போதா?" என்றார் அவர். உண்மையிலேயே மனம் புண்பட்டவர்போல இருந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். எல்லோரும் அவளுடைய மரியாதையை மெச்சிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவள் ராத்திரி முழுக்க அதையேதான் நோண்டிக்கொண்டிருந்தாள். ஐந்தில் விரலை நிறுத்தியது மரியாதை. ஏழிலும் மரியாதைதான். பதினைந்தில்?

"மரியாதைக்காக மட்டும் இல்ல மாமா. பதினஞ்சு தாண்டினப்ப எனக்கே ஆசை வந்துடுச்சு. பாட்டு நின்னுடுச்சே, இனி அது போகாதுன்னு நெனச்சேன்."

ஒகும்பே கையிலிருந்த சின்னத் திருப்புளியைக் கீழே வைத்தார். அவளை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அப்ப உனக்கும் ஒரு பாட்டு பாத்து வைக்கணும்" என்றார்.

சனிக்கிழமை பெரியவர்கள் அந்த வீட்டை எழுப்பினார்கள். நாலு கம்பம், எட்டுத் தகடு, ஒரு கதவு. ஜன்னல் கிடையாது. செத்தவனுக்கு ஜன்னல் எதற்கு? ஒகும்பே வரமாட்டார், வெட்கப்பட்டுக்கொண்டு கிசுமுவிலேயே இருந்துவிடுவார் என்பது எல்லோருடைய எண்ணம். சாயங்காலம் சுமைவண்டியில் இரண்டு ஸ்பீக்கர், மடிக்கணினி, எழுநூறு இசைத்தட்டோடு அவர் வந்து இறங்கினார். உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, மின்சாரத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டார்.

"அண்ணே, இது செத்தவங்களுக்குக் கட்டுற வீடு" என்றான் அபுயா தயங்கித் தயங்கி.

"அதுக்கென்ன. அக்கம்பக்கத்துத் தொந்தரவு இருக்காது."

அன்றிலிருந்து அவர் அங்கேதான் குடியிருக்கிறார். அபுயா பிறகு கட்டிய வீட்டிலிருந்து ஒயர் இழுத்திருக்கிறார். கரையில் வலை காயப்போடுகிறவர்கள் கைபேசியோடு அவர் வாசலில் வந்து உட்கார ஆரம்பித்திருக்கிறார்களாம். பெரியவர்களுக்குத்தான் தலைவலி. நாளைக்கு அவர் உண்மையிலேயே செத்தால் இந்த வீடே போதுமா, இல்லை குடியிருந்து பழகிய வீடு ஆகிவிட்டதால் வேறு கட்ட வேண்டுமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

கடை இப்போது அவினோவுடையது. பாட்டுகளின் நகல் ஒன்றை அவளுக்கு விட்டுப் போயிருக்கிறார். எந்தப் பாட்டு என்று கேட்கிறவர்களிடம், விமானத்துக்குக் காது கிடையாது என்று முதலில் சொல்வாள். பிறகு பாட்டை வைப்பாள். நூற்றி அறுபத்திரண்டாவது மனுவுக்குப் பதில் வந்தது. உங்கள் தகுதி எங்கள் தேவைக்கு அதிகமாக இருக்கிறது என்று.

அந்த வியாழக்கிழமை ஒகும்பே இழுத்த பெயர்கள் பதினான்கு. பதினான்கு சோடா. கையில் ஒரு ஷில்லிங் இல்லாத ஆளிடம் அன்று யாரும் கேட்கவில்லை. ஆனால் கணக்கு கணக்குதான். ஒமூகா வாத்தியார் சோடாவுக்குப் பதிலாகச் சைக்கிள் மணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அகேயோவுக்கு உயோமாவிலிருந்து ஒரு கூடை காய்ந்த மீன் வந்தது. மீன்காரிக்கு மீன் அனுப்புகிற மனுஷனை எங்கே போய்ச் சொல்வது என்று அவள் சந்தை முழுக்கச் சொன்னாள். அபுயா தம்பி என்பதால் கேட்க முடியாது. மற்றவர்கள் ஒவ்வொருவராக, போகட்டும் விடு என்று விட்டுவிட்டார்கள். விட்டுவிட்டதாக முறைப்படி அவினோவிடம் வந்து சொல்லவும் செய்தார்கள்.

அவள் மட்டும் விடவில்லை. மாதத்துக்கு ஒருமுறை கைபேசியில் கூப்பிட்டுத் தன் சோடா எங்கே என்று கேட்பாள். பின்னால் ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அவர் அதைக் கொஞ்சம் சின்னதாக்கிவிட்டு, ஆரஞ்சுதானே என்பார். ஆமாம் என்பாள். வரும்போது கொண்டுவருகிறேன் என்பார். ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னும் கொண்டுவரவில்லை.